கறள் பிடித்த வாகனங்களும் ஐந்து ஆண்டுத் தடையும்

வாகன இறக்குமதியை அரசாங்கம் 2020 மார்ச்சில் நிறுத்தியபோது, அது சில மாதங்களுக்கான ஏற்பாடு என்றே பலரும் எண்ணினார்கள். கொரோனாப் பெருந்தொற்று, டொலர் தட்டுப்பாடு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்ற அறிவிப்பு என ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் அந்தத் தடை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. ஆனால் வாசலில் வரிகள் வரிசையாக நின்றன: 20 சதவீதச் சுங்க வரி, அந்த வரியின் மேல் 50 சதவீத மேலதிகக் கட்டணம், இயந்திரக் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, இவற்றோடு 18 சதவீத வற் வரி. பயன்படுத்திய கார் என்றால் மூன்று வயதுக்கு மேற்பட்டதாக இருக்கவும் கூடாது.

கொழும்புப் பத்திரிகைகள் புதிய கார்களின் விலையைப் பற்றி நிறையவே எழுதிவிட்டன. எங்கள் பக்கத்தில் புதிய கார் வாங்கப் போகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குக் கிடைப்பது ஏற்கனவே நாட்டில் ஓடிக்கொண்டிருந்தவைதான். தடைக்காலத்தில் அவற்றின் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. ஐந்து வருடம் ஓடிய கார், புதிதாக வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறியதை எல்லோரும் பார்த்தோம். விலை ஏறியதால் தகடு இளமையாகிவிடவில்லை. கொழும்பில் ஒருவரும் குருநாகலில் இன்னொருவரும் ஓடி முடித்த வானை மூன்றாவது, நான்காவது கையாக வாங்குகிறவர்கள் வடக்கில் ஏராளம். வாகனம் கடைசியாக வந்து நிற்கும் இடம் எங்கள் முற்றம். அதற்குள் இருக்கும் கறளும் அங்கேதான் வெளியே வருகிறது.

முல்லைத்தீவில் நான் சந்தித்த ஓர் அம்மா, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசோடு லீசிங்கும் எடுத்து ஒரு வான் வாங்கியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் வருமானம். வாங்கும்போது வெளித்தகடு பளபளவென்று இருந்ததாம். முதல் மாரி முடிந்தபோது பின்சீற்றுக்குக் கீழே கார்ப்பெட் ஈரமாகக் கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்தால் தரை இல்லை, றோட்டுத் தெரிந்தது. “எஞ்சின் நல்லம் எண்டு எல்லாரும் சொன்னவை தம்பி, அடியை ஒருத்தரும் பாக்கேல்ல” என்றார். வானை நிறுத்திவிட்டுத் தகடு வெட்டி ஒட்டக் கொடுத்தார். வான் ஓடாத அந்த நாட்களுக்கும் லீசிங் தவணை கட்டவேண்டியிருந்தது.

அவர் சொன்ன கடைசி வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். அடியை ஒருவரும் பார்க்கவில்லை. வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஒவ்வோர் ஆண்டும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே புகைக் குழாய்க்குள் ஒரு கருவியை விட்டு அளக்கிறார்கள், தாளைத் தருகிறார்கள். பேருந்து, லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. வீட்டுக் காருக்கு அதுவும் இல்லை. லண்டனில் இருக்கும் உறவினர் “எம்.ஓ.டி பாஸ் ஆகவில்லை” என்று புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே மூன்று வயதைக் கடந்த காரை ஒவ்வோர் ஆண்டும் தூக்கிப் பார்த்து, சீற் பெல்ற், சஸ்பென்சன் பொருத்தியிருக்கும் இடங்களைச் சுற்றி 30 சென்ரிமீற்றருக்குள் தகட்டைக் கறள் பலவீனமாக்கியிருந்தால் தோல்வி என்று எழுதிவிடுவார்கள். ஜப்பானிலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை உண்டு. அங்கே ஓடியபோது இத்தனை கண்கள் பார்த்த அதே வாகனத்தை, இங்கே இறங்கிய நாள் முதல் ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

இனி கறளைப் பற்றி. இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் கறள். உப்பு சேர்ந்தால் அது பல மடங்கு வேகமாகும், ஏனென்றால் உப்புக் கரைந்த நீரில் மின்னோட்டம் இலகுவாகச் செல்கிறது. கறள் பிடிப்பதும் பற்றரிக்குள் நடப்பது போன்ற ஒரு மின்வேதியியல் வேலைதான். இன்னொன்றும் உண்டு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தைத் தானே இழுக்கும். மாரி காலத்தில் குசினியில் உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு கரையத் தொடங்கிவிடும். கடலுப்பில் மக்னீசியமும் இருப்பதால் அது அதற்கும் முன்பே ஈரமாகிவிடுகிறது. அதனால்தான் ஒரு துளி மழை விழாத ஆடி மாதத்திலும் கரையோரத்தில் நிற்கும் காரின் அடிப்பாகம் உண்மையில் நனைந்தே இருக்கிறது. உருவாகும் கறள் இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிக்கும். ஆகவே பெயின்றை உள்ளிருந்து தூக்கும். வெளியே சிறு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே வேலை நெடுநாளாக நடந்திருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடலிலிருந்து தொலைவு என்று சொல்லக்கூடிய இடம் அதிகம் இல்லை. பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு, பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கு, சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்குத் தினமும் போய்வருகிறவர்களின் வண்டி இரு பக்கமும் கடல் தண்ணீரோடுதான் ஓடுகிறது. சோளகம் வீசும் மாதங்களில் நீர்த்தூவல் றோட்டைக் கடந்து வரும். மன்னார்ப் பாலத்திலும் இதே கதை. மீன் ஏற்றும் வண்டிகளின் நிலை இதைவிட மோசம். ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் தண்ணீரும் உள்ளிருந்தே தகட்டைத் தின்னும்.

கடற்காற்றை எல்லோரும் அறிவார்கள். கிணற்றை அவ்வளவாக யோசிப்பதில்லை. குடாநாட்டில் ஆறில்லை. சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் மழைநீர்தான் கிணற்றுக்கு வருகிறது. அதை அளவுக்கு மீறி இறைக்க இறைக்க, கடல் நீர் உள்ளே ஏறுகிறது. தீவுப்பகுதியிலும் கரையோரக் கிராமங்களிலும் பல கிணறுகள் உவராகி நெடுங்காலம். குடிக்க முடியாத அந்தத் தண்ணீரை வாகனம் கழுவத்தானே என்று இறைக்கிறோம். காய்ந்த பிறகு பொனற்றின் மேல் வெள்ளைத் திட்டுத் தெரியும், துடைத்துவிடுவோம். அதே வெள்ளை, சில்லுக்கு மேலேயுள்ள வளைவிலும் கதவின் அடிமடிப்பிலும் துடைக்க ஆளின்றி இருக்கும். உவர் நீரில் வாரம் ஒருமுறை காரைக் கழுவுகிறவர், கழுவாமல் விடுகிறவரைவிட விரைவாகத் தகட்டை இழக்கக்கூடும். மயிலிட்டியிலோ பேசாலையிலோ ஒரு மீனவரைக் கேளுங்கள். வெளியிணைப்பு இயந்திரத்தைக் கடலிலிருந்து எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழற்றுவார்கள். பத்து இலட்சம் பெறுமதியான இயந்திரத்துக்கு அவர்கள் செய்வதை, அதைவிடப் பல மடங்கு விலையான காருக்கு நாங்கள் செய்வதில்லை.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. அந்தத் தண்ணீர் குடிப்பதற்கு. கார் கழுவ அதை ஊற்றுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மழைநீர் போதும். கூரைப் பீலியிலிருந்து ஒரு பீப்பாவுக்கு வழி விட்டால், ஐப்பசி முதல் மார்கழி வரை வேண்டியது கிடைக்கும். கோடையில் இரண்டு வாளி நல்ல தண்ணீர், அதையும் மேலே ஊற்றாமல் அடிப்பாகத்துக்கும் சில்லு வளைவுகளுக்கும் ஊற்றினால் நல்ல பயன். மேற்பகுதியில் பெயின்ற் இருக்கிறது, அதை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

எங்களுக்குப் பழைய வாகனத்தைக் காப்பாற்றுவது புதிய கலை அல்ல. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல், பற்றரி உட்பட நீண்ட பட்டியல் ஒன்று வடக்குக்கு மறுக்கப்பட்டது. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையின் மணம் இப்போதும் என் மூக்கில் நிற்கிறது. அந்தக் கார்கள் அத்தனை காலம் நின்றதற்குத் தகட்டின் தடிப்பும் ஒரு காரணம். 1950களின் ஏ 40 சமசெற்றுக்குத் தனிச் சட்டகம் உண்டு, மேலுடலில் ஓட்டை விழுந்தாலும் வண்டி ஓடும். மொறிஸ் மைனருக்கு அப்படி இல்லை. உடலே சட்டகம், கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகடு உக்கினால் கார் நடுவில் தொங்கும். இன்று நாங்கள் ஓடும் ஜப்பான், இந்தியக் கார்கள் எல்லாமே இந்த இரண்டாவது வகை. வெளித்தகடு 0.7 மில்லிமீற்றர் அளவுதான். நாகப்பூச்சு இருப்பதால் தாக்குப்பிடிக்கின்றன, ஆனால் எங்காவது இடித்து நெளித்து, வெட்டி ஒட்டிய இடத்தில் அந்தப் பூச்சு போய்விடுகிறது. ஏ 40 காலத்து அனுபவத்தை வைத்துக்கொண்டு “பழைய கார் ஒன்றும் செய்யாது” என்று சொல்கிற பெரியவர்களுக்கு இதை விளக்கவேண்டியிருக்கிறது.

கறளேறிய வாகனம் என்றதும் எங்களில் பலருக்கு முதலில் நினைவில் வருவது வேறொரு காட்சி. 2009 க்குப் பிறகு புதுக்குடியிருப்பிலும் முள்ளிவாய்க்காலிலும் வெட்டவெளியில் குவிந்து கிடந்த உழவு இயந்திரங்கள், மோட்டார் சைக்கிள்கள், வான்கள், சைக்கிள்கள். கடற்கரை மணலும் உப்புக் காற்றும் இரண்டு மாரியும் போதுமாக இருந்தன, எது யாருடையது என்று அடையாளம் தெரியாமல் போக. வன்னியில் ஒரு வாகனம் என்பது சொத்துக் கணக்கில் முதலில் நிற்பது. அதை ஒருமுறை முழுதாக இழந்தவர்கள், பிறகு கடன்பட்டு வாங்கியதை மீண்டும் அதே கறளுக்குக் கொடுப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணமும் அதுதான்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் காசு தேவைப்படாத வேலைகளே அதிகப் பலன் தருகின்றன. கதவுகளின் அடிவிளிம்பில் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியே உள்ளிறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காக வைத்தவை. மண்ணும் இலையும் அடைத்தால் கதவு ஒரு தொட்டியாகிவிடும். ஈர்க்கு ஒன்றால் குத்தித் துப்புரவாக்கினால் போதும். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பொருத்திய பள்ளத்தில் வேப்பமிலையும் முருங்கையிலையும் சேர்ந்து உக்கிக் கிடக்கும், அதை அள்ளவேண்டும். டிக்கிக்குள் மேலதிகச் சில்லைத் தூக்கிப் பாருங்கள், அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று. மழைக்காலத்தில் கார்ப்பெட்டைக் கையால் அழுத்தினால் ஈரம் தெரியும். ஈரமென்றால் கழற்றி வெயிலில் போடவேண்டும், ஈரத்தோடு விடப்பட்ட தரை ஒரு மாரியைத் தாங்கலாம், மூன்றைத் தாங்காது. பற்றரிக்குக் கீழுள்ள தட்டு அமிலத்தால் உக்கும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பொங்கும். பொங்கி முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடலாம்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மச்சானோ வந்தால் ஓடுவதற்கென்று கட்டி வைத்த கார்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ. அவற்றை நீலத் தறப்பாளால் இறுக மூடி வைத்திருப்பார்கள். தறப்பாள் மழையைத் தடுக்கும், நிலத்திலிருந்து எழும் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். புல்லின் மேல் நிற்கும் காருக்கு அது நீராவிப் பானை. நாலு பக்கமும் காற்றோடும் கிடுகுக் கொட்டில் அதைவிட எவ்வளவோ மேல். கீழே சீமெந்து போட முடியாவிட்டால் கல்லும் கிறவலும் பரப்பினாலும் போதும். மாதம் இருமுறையாவது அரை மணித்தியாலம் ஓடிவந்தால் புகைக் குழாய்க்குள் தேங்கும் தண்ணீரும் வற்றும். ஸ்ராட் பண்ணி ஐந்து நிமிடத்தில் நிறுத்துவது அந்தத் தண்ணீரைக் கூட்டுவதுதான்.

இனி ஏற்கனவே கறள் பிடித்த இடம். பெயின்ற் கொப்புளித்திருந்தால் அதைச் சுரண்டி நல்ல இரும்பு தெரியும் வரை போகவேண்டும். கம்பிப் பிரஷ், பிறகு சாண்ட்பேப்பர். கொப்புளத்தைவிட இரண்டு மடங்கு பரப்புக்குத் தேய்ப்பது வழக்கம், ஏனென்றால் கறள் பெயின்றுக்கு அடியால் பரவியிருக்கும். குழிகளுக்குள் இருப்பதைத் தேய்த்து எடுக்க முடியாது. அதற்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றித் திரவம் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். அது கறளை இரும்புப் பொஸ்பேற்றாக, கருஞ்சாம்பல் நிறப் படலமாக மாற்றும். கையுறை அவசியம். புளியோ தேசிக்காயோ போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பித்தளைக் குத்துவிளக்குக்குப் போதும். இரும்பில் அமிலத்தைப் பூசிவிட்டுச் சரியாகக் கழுவிக் காயவிடாவிட்டால் மறுநாளே செம்மஞ்சள் படலம் ஏறிவிடும். காய்ந்த பிறகு தாமதிக்காமல் பிறைமர். எப்பொக்ஸி பிறைமர் கிடைத்தால் அதுவே சிறந்தது. எங்கும் கிடைக்கும் றெட் ஒக்சைட் ஈரத்தை ஓரளவு விடும், ஆகவே அதன்மேல் இரண்டு தடவையாவது பெயின்ற் வேண்டும். இந்த வேலையை மாரியில் செய்யாதீர்கள். தகட்டில் ஈரம் இருக்கும்போது பூசிய எதுவும் நிலைக்காது.

அடியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். கறளேறிய காரில் ஜக் வைக்கும் இடமே முதலில் உக்கியிருக்கும். நல்ல ஸ்ராண்ட், அல்லது தடித்த பனங்குற்றி. சீமெந்துக் கல் வேண்டாம், அது முன்னறிவிப்பில்லாமல் உடையும்.

சேர்விஸ் செய்யும் இடங்களில் “அடிக்கு ஒயில் அடிப்பம்” என்பார்கள். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஒயிலைத்தான் அப்படி அடிக்கிறார்கள். ஒயில் இரும்புக்கும் ஈரத்துக்கும் இடையில் நிற்கும் என்பது சரி. ஆனால் கழிவு ஒயிலில் எரிந்த எரிபொருளின் அமிலமும் உலோகத் துகளும் புற்றுநோயை உண்டாக்கும் சேர்மங்களும் இருக்கின்றன. றப்பர் புஷ்களை ஊதவைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அது சொட்டும். சொட்டுவது எங்கே? சுண்ணாகத்தை நாங்கள் அவ்வளவு விரைவாக மறந்திருக்க முடியாது. மின்னிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள் போன வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. ஒரு நிறுவனம் செய்ததையும் ஒரு கார்க்காரர் செய்வதையும் நான் சமப்படுத்தவில்லை. எண்ணெய்க்குக் கீழேயுள்ள சுண்ணக்கல் ஒன்றுதான். கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டின் உட்புறத்துக்கு மெழுகுத் தெளிப்பான் கிடைத்தால் அது நல்லது. கிடைக்காவிட்டால் புதிய கியர் ஒயிலை ஒயில் கானால் துளைவழியே கொஞ்சமாக விட்டு, வடிவதைத் துணியால் துடைத்து எடுக்கலாம். பிறேக், புகைக் குழாய், றப்பர் பக்கம் போகக்கூடாது. தார் கலந்த அண்டர்கோட் நல்ல தகட்டில் அடித்தால் பயன் தரும். கறளுக்கு மேலே அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும், வெளியே கருமையாக, பத்திரமாகத் தெரியும், உள்ளே தகடு கரையும். விற்பதற்கு முதல்நாள் அடித்த அண்டர்கோட்டை நான் பெரும்பாலும் இந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன். (தார் என்றால் எங்கள் தந்தையர் தலைமுறைக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1950களின் இறுதியில் இலக்கத் தகட்டுச் சிங்கள ஸ்ரீயின் மேல் பூசியதும் இதே தார்தான்.)

வாங்குகிறவர்களுக்கு ஒரு சிறு காந்தம் போதும். துணியில் சுற்றி, சில்லு வளைவு, கதவடி, டிக்கி விளிம்பு வழியே நகர்த்திப் பாருங்கள். பட்டி வைத்து நிரப்பிய இடத்தில் பிடி தளரும். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஓட்டையைப் பட்டியால் மூடிப் பெயின்ற் அடித்த தகடு ஒரு வருடம் அழகாக இருக்கும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும். ஸ்குறூ டிறைவரின் கைப்பிடியால் அடித்தகட்டைத் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்னும், உக்கியது மந்தமாகக் கேட்கும். ஜப்பான் ஏலத் தாள் கையில் இருந்தால் அதில் எஸ் என்ற எழுத்து கறளையும் சி என்ற எழுத்து அரிப்பையும் குறிக்கும். ஹொக்கைடோ போன்ற பனி விழும் பகுதிகளில் றோட்டுக்கு உப்புத் தூவுவார்கள், அங்கிருந்து வந்த காரின் அடி இங்கே இறங்கும்போதே பாதி வயதைக் கழித்திருக்கும். இன்னுமொரு கவலை இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் மலையகத்திலிருந்து மன்னார் வரை வாகனங்களை மூழ்கடித்தது. காய வைத்துக் கழுவிய அந்த வாகனங்கள் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வரும். சீற் பெல்ற்றை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அதில் நிற்கும். சீற்றின் கீழுள்ள ஆணிகளில் கறள் இருந்தாலும் கேள்வி கேளுங்கள்.

இவ்வளவையும் வாங்குகிறவர் தலையில் போடுவது நியாயம்தானா? லீசிங் நிறுவனம் வாகனத்தை மதிப்பிட்டுத்தான் கடன் கொடுக்கிறது. அந்த மதிப்பீட்டில் அடிப்பாகம் பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் தகடு உக்கினாலும் தவணை உக்காது. நுண்கடனில் வடக்கு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை வழங்குவதும் அதன் கட்டணத்தைப் பெறுவதும் மாகாண நிர்வாகம். புகைச் சான்றிதழைக் கேட்கும் அதே யன்னலில், பத்து வயதைத் தாண்டிய பள்ளிக்கூட வான்களுக்கு மட்டுமாவது, தூக்கிப் பார்த்த ஒரு தாளையும் கேட்கலாம். அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை: ஒரு குழி, ஒரு மின்விளக்கு, ஒரு சுத்தியல், பயிற்றப்பட்ட ஒருவர். வடக்கில் தொழில்நுட்பக் கல்லூரிகளில் மோட்டார்த் தொழில் படித்து வெளியேறும் பிள்ளைகளுக்கும் அது வேலை. இதைக் கேட்கவேண்டிய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரிடமும் பிரதம செயலாளரிடமும்தான் கேட்கவேண்டியிருக்கிறது. பெற்றோர் சங்கங்கள் கேட்டால் அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். பிள்ளையை ஏற்றும் வானின் அடியைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று ஒரு பாடசாலை அதிபர் தீர்மானித்தால்கூட, அடுத்த தவணையே ஆரம்பிக்கலாம்.

எதிர்ப்பும் வரும். வான் ஓடுகிறவர்கள் ஏழைகள், இன்னொரு கட்டணத்தை எங்கிருந்து கட்டுவார்கள் என்று. அந்தக் கேள்வி சரியானது, ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பரிசோதனை இலவசமாகவும், தோல்விக்குத் தண்டம் இல்லாமல் திருத்த ஆறு மாத அவகாசத்துடனும் இருக்கவேண்டும். வாகன இறக்குமதி வரியால் திறைசேரிக்கு வரும் வருமானத்தோடு ஒப்பிட்டால் இதன் செலவு சில்லறை. பழைய தகட்டிலேயே எங்களை ஓடவிட்டதில் அந்த வரிக்கும் பங்குண்டு.

முல்லைத்தீவு அம்மாவின் வான் இப்போது ஓடுகிறது. வெட்டி ஒட்டிய தகட்டின் உட்புறத்துக்கு எதுவும் பூசவில்லை, ரிங்கரிங் செய்தவர் அதைச் சொல்லவுமில்லை. வாடைக்கு முன், புரட்டாசி வெயில் இருக்கும்போதே கார்ப்பெட்டைக் கழற்றி, ஒட்டிய விளிம்புகளைத் தேய்த்துப் பிறைமர் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு பகல் வேலை.